ஜிம்முக்குப் போனது 61 நாள்: ஒரு மயிலாப்பூர் வீட்டின் உடல்நலச் செலவுக் கணக்கு

2025 மார்ச் கடைசி வாரத்தில் ஜிம்மிலிருந்து போன் வந்தது. "சார், உங்க பேக்கேஜ் முடியுது. இந்த மாசத்துக்குள்ள ரின்யூ பண்ணா ஆஃபர் இருக்கு." ஆபீஸில் வருஷக் கடைசி நெருக்கடி. இருந்தாலும் என்னவோ தோன்றி, "நான் மொத்தம் எத்தனை நாள் வந்திருக்கேன்னு பார்த்துச் சொல்ல முடியுமா தம்பி?" என்று கேட்டேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அறுபத்தொண்ணு சார்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "பரவாயில்ல சார், நிறைய பேர் இதைவிடக் கம்மி" என்று ஆறுதலும் சொன்னான்.

அந்த ஆறுதல்தான் உறுத்தியது. நான் கிண்டியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஊரார் வரவு செலவையெல்லாம் இருபது வருஷமாகப் பைசா பிசகாமல் நேர் செய்பவனுக்குத் தன் வீட்டுக் கணக்கு தெரியவில்லை. சரி, இதையும் ஒரு தணிக்கையாகவே செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை எங்கள் வீட்டு நாலு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கென்று எவ்வளவு செலவழித்தோம், அதில் எது உடம்பில் ஒட்டியது என்பதுதான் கேள்வி.

நாலு பேர் என்றால் நான் (47), தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மனைவி (44), அப்பா (74), காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் பையன். மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஆவணங்கள் என்று பார்த்தால் ஜிபே வரலாறு, பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பாவின் டைரி, அப்புறம் சமையலறையில் பால் கணக்கு குறிக்கும் மாதக் காலண்டர். நம்பகத்தன்மையில் கடைசி இரண்டும்தான் முதலிடம்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளைச் சேர்க்கவில்லை, அது வைத்தியம். மருத்துவக் காப்பீட்டையும் விட்டுவிட்டேன். எங்கள் மூவருக்கு ஒன்று, அப்பாவுக்குத் தனியாக ஒன்று, இரண்டும் சேர்ந்து 81,420 ரூபாய். அதில் 12,420 ஜி.எஸ்.டி. மட்டும். (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எங்களுக்கு அது அடுத்த தவணையில்தான்.) காப்பீடு பயத்துக்குக் கட்டுகிற பணம். உடம்பு அதனால் ஒரு படி கூட ஏறாது.

மிச்சமெல்லாம் சேர்ந்து 1,03,540 ரூபாய் வந்தது. எங்கள் இருவர் சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். வீட்டில் இந்த எண்ணைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "நாம எங்கப்பா அவ்வளவு செலவு பண்ணோம்?" என்றார் அப்பா. நாம் இல்லை, நான்தான் என்பது அப்புறம் தெரிந்தது.

ஏப்ரல் மனிதன்

ஆரம்பம் ஒரு ரத்தப் பரிசோதனை. 2024 மார்ச்சில் என் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. 5.7இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரையின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று மதிப்பிட்டிருந்தது. அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பயந்தவன் கையில் பணம் இருந்தால் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஏப்ரல் முதல் வாரமே ஜிம்மில் ஒரு வருஷத்துக்குக் கட்டினேன். 18,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 21,240. (இதற்கும் 2025 செப்டம்பரில் வரி 5 சதவீதமாகிவிட்டது. எல்லாச் சலுகையும் நான் கட்டி முடித்த பிறகுதான் வரும்.) தனிப் பயிற்சியாளருக்கு 6,000. ஷூ 4,800. டி-ஷர்ட், டிராக் பேன்ட் 2,300. பை, ஷேக்கர் பாட்டில் 1,100. புரோட்டீன் பவுடர் இரண்டு டப்பா 6,400, அதில் இரண்டாவது டப்பாவில் முக்கால்வாசி எறும்புக்கு. ஸ்மார்ட் வாட்ச் 5,500. ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த வகையில் 1,400. அந்த ஓட்டத்தின் டி-ஷர்ட் வந்தது, நான் போகவில்லை. டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறேன். ஆக மொத்தம் 48,740. குடும்பச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஆளுக்கு.

இப்போது வருகைப் பதிவு. ஏப்ரல் 19 நாள், மே 12, ஜூன் 10, ஜூலை 3, ஆகஸ்ட் 5, செப்டம்பர் பூஜ்யம், அக்டோபர் 1, நவம்பர் பூஜ்யம், டிசம்பர் 2, ஜனவரி 6, பிப்ரவரி 2, மார்ச் 1.

இந்த வரிசையைப் பார்த்தால் எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் சிரித்துவிடுவார்கள். ஜூலை என்றால் வருமான வரி ரிட்டர்ன். செப்டம்பர் வரித் தணிக்கை, அந்த வருஷம் கெடுவை நீட்டி நீட்டி நவம்பர் பாதி வரை இழுத்தது. டிசம்பர் கடைசியில் ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கு. ஆபீஸ் மூச்சு விடுவது ஏப்ரல், மே இரண்டு மாதம்தான். நான் பணம் கட்டியது ஏப்ரலில். ஏப்ரலில் இருந்த அந்த ஆள், சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறவன், பன்னிரண்டு மாதமும் அப்படியே இருப்பான் என்று நம்பி அவன் பெயரில் கட்டினேன். இருபது வருஷ அனுபவத்தில் செப்டம்பர் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பணம் கட்டும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆயிற்று? 21,240ஐ 61ஆல் வகுத்தால் 348 ரூபாய். அதே ஜிம்மில் ஒரு நாள் கட்டணம் 200 ரூபாய் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. வந்த நாளுக்கு மட்டும் கொடுத்திருந்தால் 12,200இல் முடிந்திருக்கும். 9,040 ரூபாய் வராத நாட்களுக்கான வாடகை.

இது என் தனிப்பட்ட முட்டாள்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மல்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை எடுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டிருக்கிறார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அங்கேயே பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர். என் சராசரி மாதத்துக்கு 5.1. அவர்களைவிட நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை.

ஜிம்மைக் குறை சொல்ல முடியாது. இடம் சுத்தமாக இருந்தது, மாஸ்டரும் நல்லவர். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் மெட்ரோ வேலைக்காகத் தெருவுக்குத் தெரு திருப்பிவிட்டிருந்த மயிலாப்பூரில் அந்த ஒன்றரை கிலோமீட்டர் எத்தனை நிமிஷம் என்பது அன்றைய தடுப்புப் பலகையைப் பொறுத்தது. ஆபீஸிலிருந்து வந்து, பைக்கை நிறுத்தி, மறுபடி எடுத்து அந்தச் சந்துகளில் நுழைவதற்குள் உடற்பயிற்சி முடிந்துவிட்ட களைப்பு வந்துவிடும்.

அப்பாவும் பையனும்

அப்பா நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிறார். அமிர்தாஞ்சன் தைலத்தை உண்டாக்கிய காசிநாதுணி நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கும் அதே பூங்காதான். தலைவலிக்கு மருந்து விற்றவர் பெயரில் தலைவலி போக நடக்க ஓர் இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. டைரிப்படி அப்பா போனது 290 நாள். அக்டோபர் நடுவில் பெருமழை பெய்து, வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார் நிறுத்திய அந்த இரண்டு நாளும், நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போதும் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருபது சுற்று சுற்றியிருக்கிறார். அதையும் "உள் நடை" என்று எழுதி வைத்திருக்கிறார்.

இலவசப் பூங்காவுக்கு 12,100 ரூபாய் எப்படி ஆயிற்று? வாசல் வண்டியில் தினமும் அருகம்புல் ஜூஸ் 20 ரூபாய், அது 5,800. கேன்வாஸ் ஷூ 900. மிச்சம் 5,400 ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல். நடை முடிந்ததும் ஆறு பெரியவர்கள் சேர்ந்து ஓட்டலுக்குப் போவார்கள். பொங்கல், வடை, காபி, தலைக்கு 120 வீதம் 45 வாரம். நடந்து எரித்ததை நெய்ப் பொங்கலில் திரும்ப ஏற்றிக்கொள்கிறீர்களே என்று கேட்டால், "அந்தப் பொங்கல் இல்லைன்னா ஞாயித்துக்கிழமை எவன்டா எழுந்திருப்பான்?" என்பார். யோசித்துப் பார்த்தால் இந்தக் கணக்கிலேயே ஆளை நடக்க வைத்த செலவு இது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது, அது பின்னால் வருகிறது.

பையன் விஷயம் சீக்கிரம் முடியும். சனிக்கிழமை ராத்திரி டர்ஃபில் ஃபுட்பால், பங்கு 150, 38 வாரம், 5,700. ஸ்டட்ஸ் 2,600. நாமக்கல் முட்டை தினம் நாலு, வெளியூர், டூர் என்று போன நாள் போக 300 நாளுக்கு 7,200. ஒரு தடவை முட்டி பிசகி எக்ஸ்ரே, டாக்டர், பிசியோதெரபி என்று 4,100. மொத்தம் 19,600. முட்டி பிசகியதை உடல்நலச் செலவில் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. உடற்பயிற்சி செய்ததால் வந்தது, ஆகவே சேர்த்தேன்.

பொதுச் செலவில் இரண்டு. நாலு பேருக்கும் ரத்தப் பரிசோதனை 7,600. வருமான வரியைப் பழைய முறையில் கட்டுகிறவர்களுக்கு அந்த வருஷம் 80டி பிரிவில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 வரை கழிவு இருந்தது. நடக்கிறதுக்கும் ஜிம்முக்கும் ஒரு பைசா கிடையாது. ஊசி குத்திக்கொண்டால்தான் வருமான வரித் துறை நம்பும் போல. இன்னொன்று செக்கு எண்ணெய், சிறுதானியம், நாட்டுச் சர்க்கரை என்று மாறியதில் கூடுதலாக ஆன 10,800. செக்கு எண்ணெய் மணமாக இருந்தது, அதை நிறுத்த மாட்டேன். நாட்டுச் சர்க்கரை வெள்ளையாக இல்லாத சர்க்கரை, வேறொன்றுமில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

காலை ஆறு மணி

மனைவியின் பக்கம் வெறும் 4,700. யோகா வகுப்பு மாதம் 1,200 வீதம் இரண்டு மாதம். பாய் 700. ஷூ 1,600. யோகாவை ஏன் நிறுத்தினாள் என்று நான் கேட்டதே இல்லை என்பது இந்தக் கணக்குப் போடும்போதுதான் தெரிந்தது. கேட்டேன். "கிளாஸ் ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு என் கை எங்க இருக்கும்?" என்றாள். ஐந்தேகாலுக்கு எழுந்தால் காபி, அப்பாவுக்குக் கஞ்சி, மூன்று டப்பா கட்டுவது, பாத்திரம், ஏழே முக்காலுக்குப் பள்ளிக்குக் கிளம்புவது. நான் அந்த நேரத்தில் வாட்சில் நேற்று எத்தனை அடி நடந்தேன் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

2024 ஜூலை கடைசியில் குக்கர் ஆவி பட்டு அவள் வலது கை வெந்துபோனது. இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று ஓர் அக்காவை வரச் சொன்னோம். காலை ஆறிலிருந்து ஏழு வரை காய் நறுக்கி, சப்பாத்தி போட்டு, பாத்திரம் தேய்த்துத் தருவார். மாதம் 2,500. கை ஆறியது. அக்கா நின்றுவிடவில்லை. எங்கள் சமையலறை இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் அளவு. அக்கா உள்ளே இருந்தால் இவளுக்கு அங்கே இடமில்லை. சும்மா நிற்பானேன் என்று எதிர் வீட்டு டீச்சரோடு கீழே இறங்கினாள். செருப்போடுதான். ஷூ வாங்கியது ஒரு மாதம் கழித்து.

கபாலி கோயில் மாட வீதிகள் நாலும் இரண்டு சுற்று. அந்த நேரத்தில் தெற்கு மாட வீதியில் காய் மூட்டையை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பூக்கட்டுகிற அம்மா தண்ணீர் தெளித்துவிட்டு உட்காருவார். மார்கழியில் பஜனை கோஷ்டி எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, அப்புறம் அவர்கள் பின்னாலேயே ஒரு வீதி போவார்களாம். திரும்பும்போது கையில் ஒரு கட்டு கொத்தமல்லி. பால் காலண்டரில் பால் பாக்கெட் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை எண்ணினேன், 168 டிக்.

இப்போது நிமிஷக் கணக்குக்கு வருவோம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், கடுமையானது என்றால் 75 முதல் 150 நிமிஷம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. நான் ஜிம்மில் ஒரு நாளைக்கு 50 நிமிஷம் என்று தாராளமாக வைத்தாலும் வருஷத்துக்கு 3,050 நிமிஷம், வாரத்துக்கு 59கூட வரவில்லை. பையனுக்கு 44, ஆனால் அது ஓட்டமும் உதையுமாக. அப்பா மரத்தடிப் பேச்சையும் சேர்த்து 251. அந்தப் பேச்சில் எவ்வளவு நடை என்று நான் கேட்கப் போவதில்லை. மனைவிக்கு ஒரு நாளைக்கு 40 நிமிஷம் வீதம், அந்த எட்டு மாதத்தில் வாரத்துக்கு 194.

என் பயிற்சியில் ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் ஆகியிருக்கிறது. அவளுடையது 70 பைசா.

இந்த 70 பைசாவை ஒரு தணிக்கையாளனாக நான் ஏற்க மாட்டேன். வேறு தலைப்பில் ஒளிந்திருக்கும் செலவைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையே. அக்காவுக்குக் கொடுத்த எட்டு மாதச் சம்பளம் 20,000 ரூபாய் "வீட்டு வேலை" என்ற தலைப்பில் கிடந்தது. அதை இங்கே கொண்டுவந்தால் நிமிஷத்துக்கு 3 ரூபாய் 68 பைசா. அப்போதும் என்னுடையதில் கால் பங்குகூட இல்லை. யோகா வகுப்பும் பாயும் செய்யாததை ஒரு சப்பாத்திக் கட்டை செய்திருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் பொருளை வாங்கினோம், அல்லது எங்கேயோ நுழைய அனுமதி வாங்கினோம். இங்கே மட்டும்தான் காலை ஆறிலிருந்து ஏழு வரை இருக்கும் ஒரு மணி நேரத்தை வாங்கியிருக்கிறோம், வாங்குகிறோம் என்று தெரியாமலே.

2025 மார்ச் பரிசோதனையில் என் எச்பிஏ1சி 6.1இலிருந்து 6.0. அப்பாவுக்கு 7.4இலிருந்து 7.2. அவளுக்கு 5.9இலிருந்து 5.6. ஒரு வீட்டின் மூன்று எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒரே ஆளுக்கே வேறு லேபில் எடுத்தால் இந்த அளவு முன்பின் வரும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். இப்போது நிற்பது நான்.

அந்த வாட்ச்

ஆகஸ்டுக்குப் பிறகு என் ஸ்மார்ட் வாட்ச் மேஜை இழுப்பறையில் கிடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் அப்பா எதற்கோ அதை சார்ஜ் போட்டார். மனைவி அதை எடுத்து, "நாளைக்கு வரைக்கும் சும்மா கட்டிக்கோங்களேன்" என்று அக்காவின் கையில் மாட்டிவிட்டாள். மறுநாள் காலை அக்கா அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். 17,640 அடி.

என் வாழ்நாள் சாதனை 9,812. பத்தாயிரம் அடி என்ற இலக்கே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அந்த எண்ணை எட்டத்தான் 5,500 கொடுத்து வாட்ச் வாங்கியிருந்தேன்.

அக்கா வீடு நொச்சி நகரில். ஐந்தரைக்குக் கிளம்பி நடந்து வருகிறார், எங்கள் வீட்டுக்கு அப்புறம் இன்னும் இரண்டு வீடு, எல்லாம் மாடி. அவருக்கு பி.பி. இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில், 2021இல் தொடங்கிய திட்டம், மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது என்றார். உடற்பயிற்சிக்கு அவர் செலவு பூஜ்யம். அடி எண்ணிக்கையில் எங்கள் நாலு பேரையும் தாண்டியவர், ஆனால் சாயங்காலம் கால் வீங்குகிறது என்கிறார். அவர் நடப்பது மூன்று வீட்டுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர. என் மனைவி நடப்பது நேரம் கிடைத்ததால். வாட்சுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"காலைல உங்க வீட்டுச் சமையல் யார் பார்க்கறாங்கக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"எம் பொண்ணு பாத்துக்கும் டீச்சரம்மா. பிளஸ் டூ. சோறு வடிச்சிட்டுதான் பள்ளிக்கூடம் போகும்."

மனைவி அன்று நடக்கப் போகவில்லை. மறுநாளிலிருந்து வழக்கம்போலப் போனாள். அந்தப் பேச்சு நடந்த அன்று காலண்டரில் டிக் இல்லை, 168இல் அது சேராது.

ஜிம்மை நான் புதுப்பிக்கவில்லை. தோன்றுகிற நாளில் 200 ரூபாய் கொடுத்துப் போகிறேன். ஏப்ரலில் பதினாலு நாள் ஆயிற்று, செப்டம்பரில் என்ன ஆகும் என்று இந்தத் தடவை எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. 2025 ஏப்ரல் முதல் தேதி புது நோட்டில் தலைப்புகள் எழுதினேன். அக்காவுக்குச் சம்பளம் 3,500 ஆக்குவது, ஞாயிறு விடுமுறை என்று முடிவாகியிருந்தது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். மனைவி பேனாவை வாங்கினாள். "ஜிம்" என்று நான் எழுதியிருந்ததை அடித்தாள், அதே வரியில் அக்காவின் பெயரை எழுதினாள், நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு யார் சப்பாத்தி போடுவது என்று கேட்டாள்.